பல் விளக்க சோம்பேறித்தனமா... இல்லை, பிரஷ்ஷோட கைப்பிடி சரியில்லையா?

எங்கள் அம்மாச்சிக்கு 74 வயது. காலையில் பல் விளக்காமல் காபி டம்ளரைத் தொடவே மாட்டார். அப்படிப்பட்டவர் திடீரென்று பிரஷ்ஷை ஓரமாக வைத்துவிட்டு, ஆள்காட்டி விரலில் பல்பொடியைத் தொட்டுத் தேய்க்க ஆரம்பித்தார். 'பழைய பழக்கம் திரும்பிடுச்சு போல' என்று நாங்கள் சிரித்தோம். அம்மா திட்டவும் செய்தார். நாலைந்து மாதத்தில் ஈறு வீங்கி, ரத்தம் கசிந்து, பல் டாக்டரிடம் போக வேண்டியதாகிவிட்டது.

டாக்டர் வாயைப் பார்த்து முடித்ததும் ஒரு புது பிரஷ்ஷை நீட்டினார். "அம்மா, வீட்ல எப்படிப் பிடிப்பீங்க? இதைப் பிடிச்சுக் காட்டுங்க."

அம்மாச்சியின் விரல்கள் அதைச் சுற்றி மடங்கவே இல்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிரஷ் ஆடிக்கொண்டிருந்தது. "ரொம்ப மெலிசா இருக்கு தாயி. இறுக்கிப் பிடிச்சா விரல் கணு வலிக்குது, விட்டா நழுவுது" என்றார். இதை ஏன் வீட்டில் சொல்லவில்லை என்று கேட்டோம். "பல் விளக்கத் தெரியலைனு சொன்னா சிரிக்க மாட்டீங்களா?"

சிரித்திருப்போம். சிரிக்கத்தானே செய்தோம்.

அன்றைக்கு மெடிக்கல் ஷாப்பில் நின்று பிரஷ் பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். சாஃப்ட், மீடியம், கரி கலந்தது, ஊசிமுனை இழை, குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்த இழை... எல்லாமே வாய்க்குள் போகும் அந்த 3 சென்டிமீட்டரைப் பற்றித்தான். மிச்சம் இருக்கிற 15 சென்டிமீட்டர், அதாவது நம் கை பிடிக்கிற பகுதியைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆனால், அந்த 3 சென்டிமீட்டர் ஒழுங்காக வேலை செய்யுமா செய்யாதா என்பதை முடிவு செய்வதே இந்தக் கைப்பிடிதான்.

கை என்னதான் செய்கிறது?

இப்பவே ஒரு பிரஷ்ஷை எடுத்துக்குங்க. பேஸ்ட் வேண்டாம். மேல் வரிசையில் வலது கடைவாய்ப் பல்லின் வெளிப்பக்கம் வைத்துத் தேய்ப்பது போல செய்யுங்க. அப்படியே அதன் உட்பக்கம் போங்க. அடுத்து, கீழ் வரிசை முன்பற்களின் பின்பக்கம். கவனித்தீர்களா? ஒவ்வொரு இடத்துக்கும் பிரஷ் உங்கள் விரல்களுக்கு நடுவில் ஒரு உருளு உருள்கிறது. கடைசி இடத்தில் பிரஷ் கிட்டத்தட்ட செங்குத்தாக நிற்கும், பிடியே மாறியிருக்கும். சின்ன வயதிலிருந்து செய்வதால் இது நமக்கு உறைப்பதே இல்லை.

ஜான் நேப்பியர் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், 1956-ல் கை ஒரு பொருளைப் பிடிக்கும் விதங்களை இரண்டு பெரிய வகையாகப் பிரித்தார். சுத்தியலைப் பிடிப்பது போல உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்து இறுக்குவது ஒன்று. பேனாவைப் பிடிப்பது போல விரல் நுனிகளால் நுணுக்கமாகப் பிடிப்பது இன்னொன்று. முதலாவதில் பலம் அதிகம், நுணுக்கம் குறைவு. இரண்டாவது அப்படியே தலைகீழ். இன்றைக்கும் கைக்கருவி வடிவமைக்கிறவர்கள் இந்தப் பிரிவிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

பிரஷ்ஷோட தொல்லை என்னன்னா, அது இரண்டையும் கேட்கும். கடைவாயில் தேய்க்கும்போது இறுக்கமான பிடி வேண்டும். ஈறும் பல்லும் சேரும் இடத்தில் இழைகளை 45 டிகிரி சாய்த்து வைத்து, மெதுவாக அசைக்கும்போது நுணுக்கமான பிடி வேண்டும். இந்த 45 டிகிரி முறை, சார்லஸ் பாஸ் என்ற அமெரிக்க மருத்துவரின் பெயரால் அழைக்கப்படுகிறது. பல் டாக்டர்கள் பிளாஸ்டிக் பல் செட்டை வைத்துக்கொண்டு நமக்குச் சொல்லித்தருவது பெரும்பாலும் இதைத்தான்.

விரல்களுக்கு நடுவில் உருள வேண்டுமென்றால் கைப்பிடி மெலிசாக இருக்க வேண்டும். நழுவாமல் நிற்க வேண்டுமென்றால் பருமனாக இருக்க வேண்டும். டூத் பிரஷ் வடிவமைப்பின் மொத்த தலைவலியும் இந்த ஒரு முரண்பாட்டில்தான் இருக்கிறது.

பருமன் ஏன் உதவுகிறது? ஸ்க்ரூ டிரைவரை யோசித்துப் பாருங்கள். மெல்லிய பிடி உள்ளதை விட, குண்டு பிடி உள்ளதைத் திருப்புவது சுலபம். அதே விரல் பலம்தான். ஆனால் மையத்திலிருந்து தள்ளிப் பிடிப்பதால் திருப்பு விசை கூடுகிறது. பிரஷ்ஷிலும் அதே கதைதான். பல்லில் இழை உரசும் ஒவ்வொரு முறையும் கைப்பிடி சுழலப் பார்க்கிறது. மெலிசான கைப்பிடி என்றால், அந்தச் சுழற்சியைத் தடுக்க விரல்கள் கூடுதலாக நெரிக்க வேண்டும். போதாததற்கு தண்ணீர், பேஸ்ட் நுரை எல்லாம் சேர்ந்து வழுக்க வைக்கும். இன்னும் நெரிப்போம்.

20 வயதில் இது ஒரு விஷயமே இல்லை. ஆனால், கட்டைவிரலின் அடிமூட்டில் தேய்மானம் வந்தவர்களுக்கு அது பெரிய விஷயம். 1977-ல் வெளியான ஓர் ஆய்வுக் கணக்கு இது: கட்டைவிரல் நுனியில் 1 கிலோ அளவுக்குக் கிள்ளிப் பிடித்தால், அதன் அடிமூட்டில் விழும் அழுத்தம் சுமார் 12 கிலோ. நம் கண்ணுக்கு பாட்டி ஒரு பிரஷ்ஷைத்தான் பிடித்திருக்கிறார். அவர் மூட்டுக்கு அது ஒரு குடம் தண்ணீர்.

இன்னொரு விளைவும் இருக்கிறது. இறுக்கிப் பிடித்த கை, இறுக்கித்தான் அழுத்தும். விரலை நெரித்துக்கொண்டே பல்லை மட்டும் மென்மையாகத் தேய்ப்பது கஷ்டம். ஈறு கீழிறங்குவது, பல்லின் கழுத்துப் பகுதி தேய்ந்து கூச்சம் வருவது போன்றவற்றுக்கு அழுத்தித் தேய்ப்பதும் ஒரு காரணம். இது இளைஞர்களுக்கும் சேர்த்துத்தான். 'எனக்கு மூட்டுவலி இல்லையே' என்று ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க!

குழந்தை கை என்பது சின்ன சைஸ் பெரியவர் கை இல்லை

கைப்பிடி விஷயத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த கதை, ஓரல்-பி நிறுவனத்துக்காக ஐடியோ என்ற அமெரிக்க டிசைன் நிறுவனம் செய்த குழந்தைகள் பிரஷ். 1990-களின் நடுப்பகுதியில் நடந்தது. அதுவரை குழந்தைகள் பிரஷ் என்றால் என்ன? பெரியவர்கள் பிரஷ்ஷை அப்படியே சுருக்கி, மேலே ஒரு கார்ட்டூனை ஒட்டிவிடுவார்கள். சின்னக் கை, அதனால் சின்னக் கைப்பிடி. கேட்டால் சரியாகத்தானே தோன்றுகிறது?

ஐடியோ ஆட்கள் நேராகப் போய், குழந்தைகள் பல் விளக்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். பெரியவர்கள் பிரஷ்ஷை விரல் நுனியில் பிடித்து லாகவமாகத் திருப்புகிறார்கள். குழந்தைகளுக்கு அந்த விரல் வித்தை இன்னும் வரவில்லை. அவர்கள் பிரஷ்ஷை முஷ்டியால் மடக்கிப் பிடிக்கிறார்கள். முஷ்டிக்குள் மெலிசான குச்சி என்ன ஆகும்? ஆடும், திரும்பும், வழுக்கும். அதாவது, குழந்தைக்கு வேண்டியது பெரியவர்களுடையதை விடக் குண்டான கைப்பிடி! அப்படித்தான் மெத்தென்று, பிடித்தால் அமுங்குகிற குண்டுக் கைப்பிடியோடு 'ஸ்க்விஷ் கிரிப்பர்' பிரஷ் வந்தது. இன்றைக்கு நம் ஊர்க் கடையில் தொங்கும் குழந்தைகள் பிரஷ்களை எடுத்துப் பாருங்கள். முக்கால்வாசி குண்டுக் கைப்பிடிதான்.

இதில் எனக்குத் தட்டுப்படுவது வேறொன்று. முஷ்டியால் பிடிக்கிறவர்கள் குழந்தைகள் மட்டுமா? விரல் மடங்காத அம்மாச்சியும் கடைசியில் முஷ்டிக்குத்தான் வருகிறார். பக்கவாதத்துக்குப் பிறகு இடது கையால் பழகுகிறவர், கை நடுங்கும் பார்கின்சன் நோயாளி, சர்க்கரை நோயால் விரல் மூட்டுகள் விறைத்தவர் எல்லோரும் அப்படித்தான். குழந்தைகளுக்குக் கடை முழுக்க குண்டு பிரஷ் இருக்கிறது. பெரியவர்களுக்கு? தேடிப் பாருங்கள், அலுத்துவிடும். அந்தக் குழந்தைகள் பிரஷ்ஷையே வாங்கிக் கொடுத்துவிடலாம்தான். ஆனால் அதன் தலை சின்னது, கழுத்து குட்டை, கடைவாய் எட்டாது. மேலே கரடி பொம்மை வேறு. 74 வயதில் கரடி பொம்மை பிரஷ்ஷோடு வாஷ்பேசினில் நிற்க யாருக்குப் பிடிக்கும்?

சர்க்கரை நோயைச் சும்மா சொல்லவில்லை. ஈறு நோயும் சர்க்கரையும் ஒன்றையொன்று மோசமாக்கும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஈறு சீக்கிரம் கெடும். ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கஷ்டமாகும். விரல் விறைத்து, பிரஷ் நழுவி, 'போதும்' என்று அரை நிமிடத்தில் முடித்துவிடுகிற ஒரு சர்க்கரை நோயாளிக்கு கைப்பிடி என்பது அழகு சமாச்சாரம் இல்லை.

எலும்பிலிருந்து பேட்டரி வரை

கைப்பிடி ஏன் இவ்வளவு காலம் ஒரே மாதிரி இருந்தது? 1780 வாக்கில் இங்கிலாந்தில் வில்லியம் ஆடிஸ் என்பவர் பெரிய அளவில் பிரஷ் தயாரிக்க ஆரம்பித்தார். சிறையில் இருந்தபோது, ஒரு எலும்புத் துண்டில் ஓட்டை போட்டு முடியைச் செருகி முதல் பிரஷ்ஷைச் செய்தார் என்று ஒரு கதை உண்டு. எப்படியோ, கைப்பிடிக்கு மாட்டு எலும்பு, இழைக்கு விலங்கின் முடி. எலும்பில் செதுக்கினால் நேரான மெல்லிய பட்டையாகத்தான் வரும். பிறகு பிளாஸ்டிக் வந்தது. 1938-ல் அமெரிக்காவில் டுபான்ட்டின் நைலான் இழை போட்ட பிரஷ் விற்பனைக்கு வந்தது. இழை மாறிவிட்டது, பொருள் மாறிவிட்டது. ஆனால் வடிவம் மட்டும் அதே எலும்புப் பட்டைதான். பிளாஸ்டிக்கை எந்த உருவத்திலும் வார்க்கலாம் என்ற சுதந்திரத்தை வெகு காலம் யாரும் பெரிதாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

நம் வேப்பங்குச்சியை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. மருத்துவ குணம் பற்றிய பெருமையை விடுங்கள். வடிவமைப்பாக மட்டும் பாருங்கள். அவரவர் கைக்கு எந்தப் பருமன் வேண்டுமோ அந்தக் கிளையை ஒடிக்கலாம், வேண்டிய நீளத்துக்கு நறுக்கலாம். பட்டை சொரசொரப்பாக இருப்பதால் ஈரத்திலும் வழுக்காது. கடைவாயின் உட்பக்கம் போக முடியாது என்பது அதன் பலவீனம்.

அந்தக் கடைவாய்ப் பிரச்னைக்காக வந்ததுதான் 1977-ல் அமெரிக்காவில் அறிமுகமான 'ரீச்' பிரஷ். பல் டாக்டரின் கையில் இருக்கும் கருவிகளைக் கவனித்திருக்கிறீர்களா? ஒன்றுகூட நேராக இருக்காது. எல்லாமே நுனியில் வளைந்திருக்கும். அந்த வளைவை பிரஷ்ஷின் கழுத்துக்குக் கொண்டுவந்தார்கள். வாயை ஆவென்று திறக்காமல், மணிக்கட்டை ஒடிக்காமல் பின்பல்லுக்குப் போக முடிந்தது.

எலெக்ட்ரிக் பிரஷ் கதையோ இன்னும் சுவாரஸ்யம். இன்றைக்கு அது ப்ளூடூத், ஆப் என்று வசதியானவர்களின் பொம்மை மாதிரி விற்கப்படுகிறது. ஆனால், 1954-ல் சுவிட்சர்லாந்தில் பிலிப் கீ வூக் உருவாக்கிய 'பிராக்ஸோடென்ட்' யாருக்காக வந்தது தெரியுமா? கை அசைவு குறைந்த நோயாளிகளுக்கும், பல்லில் கிளிப் மாட்டியவர்களுக்கும். சுவரில் பிளக் சொருகித்தான் ஓட்ட வேண்டும். இன்றைக்குச் சொகுசுப் பொருளாக மாறிவிட்ட அது, முதலில் கை முடியாதவர்களுக்காகப் பிறந்தது.

அப்போ எலெக்ட்ரிக் வாங்கிக் கொடுத்துட்டா போதுமா?

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு வகையில் அது நல்ல தீர்வுதான். சின்னச் சின்ன அசைவை மோட்டார் பார்த்துக்கொள்ளும். கை செய்ய வேண்டியது, சரியான இடத்தில் வைத்து மெதுவாக நகர்த்துவது மட்டும். பேட்டரி உள்ளே இருப்பதால் கைப்பிடி தானாகவே குண்டாகிவிடுகிறது. பல மாடல்களில் 2 நிமிட டைமர் இருக்கும். சிலவற்றில் அதிகம் அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும்.

ஆனால், கடையில் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தபோது அம்மாச்சி முகம் சுளித்தார். சாதாரண பிரஷ்ஷை விட அது பல மடங்கு கனம். எடை மட்டும் பிரச்னை இல்லை, எடை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். பேட்டரி உள்ளங்கைக்குள் அடங்கினால் கனம் தெரியாது. மோட்டாரும் கனமான தலையும் கைக்கு வெளியே நீண்டிருந்தால், மணிக்கட்டு எந்நேரமும் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர்க் குடத்தை இடுப்போடு அணைத்துத் தூக்குவதற்கும், கையை நீட்டித் தூக்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

அடுத்து, பட்டன். தண்ணீர் போகாமல் இருக்க அதன் மேல் தடித்த ரப்பர் மூடியிருப்பார்கள். கட்டைவிரல் நுனியால் நன்றாக அழுத்தினால்தான் ஆன் ஆகும். எந்த விரல் மூட்டு வலிக்கிறதோ, அதே விரலிடம் அதிகபட்ச வேலை! சில மாடல்களில் பார்க்க அழகாக, மொழுமொழுவென்று வெள்ளைப் பிளாஸ்டிக் உடம்பு. போட்டோவுக்கு நல்லாயிருக்கும். ஈரக் கையில் மீன் மாதிரி வழுக்கும். அதிர்வு தொடங்கியதும் கை தன்னையறியாமல் இன்னும் இறுக்கிப் பிடிக்கும். அதுவும் சேர்ந்து வலியைக் கூட்டும்.

அதனால் வீட்டில் பெரியவர்களுக்கு எலெக்ட்ரிக் பிரஷ் வாங்குகிறவர்கள், ஆன்லைனில் ஸ்டார் ரேட்டிங் பார்த்து ஆர்டர் போடாதீர்கள். அவர்களையே கையில் பிடித்து, பட்டனை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் கையை நனைத்துவிட்டு. கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை.

டாக்டர் கையிலும் அதே வலி

நாற்காலியில் படுத்திருக்கும் நமக்குத் தெரியாத ஒன்று: பல்லில் படிந்த கறையைச் சுரண்டி எடுக்கும் அந்த டாக்டரின் கையும் வலிக்கும். மெல்லிய உலோகக் கருவியை விரல் நுனியில் கிள்ளிப் பிடித்து, ஒரே அசைவை நாள் முழுக்கச் செய்ய வேண்டும். கை, மணிக்கட்டு, கழுத்து வலி பல் மருத்துவத் துறையில் ரொம்பச் சாதாரணம். 2006-ல் அமெரிக்கப் பல் மருத்துவ சங்கத்தின் இதழில் வெளியான ஆய்வு ஒன்று, வெவ்வேறு பருமனும் எடையும் கொண்ட கருவிகளைக் கொடுத்து, தசையில் விழும் சுமையையும் விரல் நெரிக்கும் விசையையும் அளந்து பார்த்தது. 10 மில்லிமீட்டர் விட்டமும் 15 கிராம் எடையும் கொண்ட கருவிதான் கைக்கு மிகக் குறைந்த சுமையைக் கொடுத்தது. குண்டாக இருக்கணும், ஆனால் லேசாக இருக்கணும். பழைய கெட்டி ஸ்டீல் கருவிகளின் பக்கத்தில், உள்ளே பொள்ளலான கைப்பிடியும் சிலிக்கான் உறையும் போட்ட கருவிகள் வருவதற்குக் காரணம் இதுதான்.

இதைப் படித்ததும் பிரஷ்ஷின் முரண்பாட்டுக்கு ஒரு வழி தெரிந்தது. பருமனாக்கும்போது எடையை ஏற்றக் கூடாது. உள்ளங்கையில் உட்காரும் இடம் பருத்து, விரல் நுனி பிடிக்கும் இடம் மெலிந்து, குறுக்குவெட்டில் முழு வட்டமாக இல்லாமல் சற்றே தட்டையாக இருந்தால், திருப்பவும் முடியும், தானாகத் திரும்பவும் செய்யாது. கட்டைவிரல் வைக்க ஒரு சின்னக் குழி இருந்தால், இழை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம்.

டிசைன் படிக்கிறவங்க கொஞ்சம் கவனிங்க

இன்ஜினீயரிங் கடைசி வருட புராஜெக்ட் தேடுகிறவர்களுக்கு இது அருமையான தலைப்பு. ரோபோ கை, டிரோன் என்று எல்லோரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். இங்கே கூட்டமே இல்லை. செலவும் குறைவு. களிமண்ணிலோ தெர்மாகோலிலோ நாலைந்து பிடி செய்து, பழைய பிரஷ் தலைகளைச் சொருகி, வீட்டில் இருக்கிற ஆறு பேர் கையில் கொடுத்துப் பார்க்கலாம். பிடித்தது எது என்று வாயால் கேட்பதை விட, பிடிக்கும்போது விரல் நகம் வெளுக்கிறதா என்று பாருங்கள். வெளுத்தால் அதிகம் நெரிக்கிறார் என்று அர்த்தம். பிறகு 3டி பிரின்ட்டுக்குப் போகலாம்.

கை அளவுகளுக்கு வெளிநாட்டுப் புத்தகத்தை அப்படியே நம்ப வேண்டாம். அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனம், இந்தியர்களின் உடல் அளவுகளைத் தொகுத்து தேப்குமார் சக்ரவர்த்தியின் புத்தகத்தை 1997-ல் வெளியிட்டது. கை நீளம், உள்ளங்கை அகலம், பிடியின் சுற்றளவு எல்லாம் அதில் உண்டு. கல்லூரி நூலகத்தில் இல்லையென்றால் வாங்கச் சொல்லி ஒரு லெட்டர் எழுதுங்கள்.

ஒரு எச்சரிக்கை. நழுவாமல் இருக்கட்டும் என்று ரப்பரில் வரிவரியாகப் பள்ளம் போட ஆசை வரும். மூன்றே வாரத்தில் அந்தப் பள்ளங்களில் பேஸ்ட்டும் அழுக்கும் சேர்ந்து கறுப்பாகிவிடும். உங்கள் வீட்டு பிரஷ்ஷை வெளிச்சத்தில் பாருங்கள், அருவருப்பாக இருக்கும். கைக்கு நல்லது, சுத்தத்துக்குக் கெட்டது. பள்ளம் ஆழமில்லாமல், அகலமாக இருந்தால் கழுவிவிடலாம்.

பிரஷ்ஷோடு வேலை முடியவில்லை என்பதையும் மறக்காதீர்கள். பேஸ்ட் டியூபின் சுழற்று மூடியைத் திறப்பதற்கு இரண்டு கை வேண்டும். ஒரு கை செயலிழந்தவர், பிரஷ்ஷில் பேஸ்ட் வைக்கும்போது அது உருண்டு கீழே விழும். கைப்பிடியின் முதுகு தட்டையாக இருந்தால் மேடையில் அசையாமல் கிடக்கும். இந்த மாதிரி விஷயங்கள் அளவு நாடாவில் சிக்காது. வாஷ்பேசின் பக்கத்தில் நின்றால்தான் தெரியும்.

'வயதானவர்களுக்குனு செஞ்சா மத்தவங்க வாங்குவாங்களா?' என்று கைடு கேட்பார். அமெரிக்காவில் சாம் ஃபார்பர் என்பவர், மூட்டுவலி இருந்த தன் மனைவி காய் சீவக் கஷ்டப்படுவதைப் பார்த்து, குண்டு ரப்பர் பிடி வைத்த சமையல் கருவிகளைச் செய்ய வைத்தார். 1990-ல் 'ஆக்ஸோ குட் கிரிப்ஸ்' என்ற பெயரில் அவை வந்தன. மூட்டுவலியே இல்லாதவர்களும் அள்ளிக்கொண்டு போனார்கள். இந்தப் பதிலைச் சொல்லுங்கள்.

இன்னைக்கு ராத்திரியே வீட்ல செய்யக்கூடியது

நல்ல பிரஷ் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கையைச் சரியாகப் பயன்படுத்த முடியாதவர்களைப் பராமரிப்போருக்காக, அமெரிக்க அரசின் பல் மற்றும் முக ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் யோசனைகள் நம் வீட்டுக்கும் அப்படியே பொருந்தும். சைக்கிள் ஹேண்டில் பாரில் மாட்டும் ரப்பர் கிரிப்பை பிரஷ்ஷின் கைப்பிடியில் சொருகுங்கள். ஆடினால் உள்ளே கொஞ்சம் துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள். டென்னிஸ் பந்தில் கீறல் போட்டு, அதற்குள் கைப்பிடியை நுழைத்தால், விரல் மடங்கவே மடங்காதவர்களும் பந்தை அணைத்துப் பிடித்துக்கொள்ளலாம். பிடிக்கவே முடியாது என்றால், அகலமான எலாஸ்டிக் பட்டையோ வெல்க்ரோவோ வைத்து பிரஷ்ஷைக் கையோடு சேர்த்துக் கட்டலாம், இறுக்கமாக வேண்டாம். தோள் உயர்த்த முடியாதவர்களுக்கு ஒரு ஸ்கேலைச் சேர்த்துக் கட்டி, கைப்பிடியை நீளமாக்கலாம்.

துணி, ஸ்பாஞ்ச், பந்து எதுவாக இருந்தாலும் கழற்றி அலசிக் காயவைக்க வேண்டும். ஈரத்தோடு விட்டால் பூஞ்சை பிடிக்கும்.

எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரிய சமையலறை எடை மெஷின் போதும். பிரஷ்ஷைப் பல் விளக்குவது போலவே பிடித்து, அதன் தட்டில் தேய்த்துப் பாருங்கள். சுமார் 150 கிராம் போதும் என்பது பல் மருத்துவர்கள் பலர் சொல்லும் கணக்கு. நான் முதல் தடவை தேய்த்தபோது 400-ஐத் தாண்டியது! சைக்கிள் கிரிப் மாட்டிய பிரஷ்ஷில், பெரிதாக முயற்சி செய்யாமலே பாதிக்கும் கீழே இறங்கியது.

ஆனால், ஈறில் ரத்தம், வீக்கம், பல் ஆட்டம் இருந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள். கைப்பிடி மாற்றுவது அதற்கு அப்புறம். டாக்டரிடம் போகும்போது வீட்டு பிரஷ்ஷையும் எடுத்துப் போய், பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். காலையில் சட்டை பட்டன் போடச் சிரமப்படுகிறார், டம்ளரை இரண்டு கையால் பிடிக்கிறார் என்றால், பல் விளக்கவும் சிரமப்படுவார் என்று நாமாகவே புரிந்துகொள்ள வேண்டியதுதான். அவர்கள் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள்.

அம்மாச்சிக்கு நான் தெருமுனை சைக்கிள் கடையில் ஒரு ஜோடி கிரிப் வாங்கிவந்தேன். ஒன்றை பிரஷ்ஷில் மாட்டிக்கொடுத்தேன். முஷ்டியில் பிடித்து, முழுசாக இரண்டு நிமிடம் தேய்த்து, துப்பிவிட்டு வந்தார். "கறுப்பு கலரா கிடைச்சுச்சு உனக்கு? போய் பச்சைல கேளு" என்றவர், மிச்சமிருந்த இன்னொரு கிரிப்பை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். தோசைத் திருப்பிக்கு மாட்டணுமாம்.